சைப்ரஸில் ஜனவரி: பறவைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

ஜனவரி முதல் பாதியில் ஒரு வாரம் சைப்ரஸ், கையில் வாடகைக் கார். பூநாரை தவிர என்ன பார்க்கலாம், எந்த வரிசையில் போகலாம் என்பது கேள்வி. இடங்களையும் நாள்களையும் இப்போதே கட்டம் போட்டு முடித்துவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். அந்தத் தீவில் குளிர்காலப் பறவைகள் எங்கே இருக்கும் என்பதை அந்த ஆண்டின் மழைதான் தீர்மானிக்கிறது. போன வருடம் ஒருவர் போட்ட பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் வெள்ளை உப்புப் படுகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

தென்கிழக்குக் கரை நகரான லார்னாகாவிலும் தெற்கே அக்ரோதிரித் தீபகற்பத்திலும் இருக்கும் இரண்டு உப்பேரிகளுக்கும் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. கோடையில் காய்ந்து உப்பு பூத்துக் கிடக்கும். அக்டோபர் கடைசியில் மழை தொடங்கி, டிசம்பர் ஜனவரியில் வலுத்து, மார்ச்சோடு ஓய்கிறது. ஏரியில் நீர் சேர்ந்ததும் சேற்றில் உறங்கிக் கிடந்த உப்புநீர் இறால்களின் முட்டைகள் பொரியும். பூநாரை வருவது அந்த இறாலுக்காக. நீர் நிரம்பிய ஆண்டிலும் லார்னாகா ஏரியின் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எனவே கொஞ்சம் மழை குறைந்தாலும் கூடினாலும் காட்சி முழுவதும் மாறிவிடும்.

இதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயல்பு நிறப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். ஈர உப்பும் மெல்லிய நீரும் அதில் ஒரே வெளிர்நிறமாகத் தெரியும். குற்றலை அகச்சிவப்பு (SWIR) அடுக்குக்கு மாற்றினால் நீர் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும், உப்புப் படுகை தனியாகப் பிரியும். மேகம் மூடிய நாள் என்றால் முந்தைய படத்துக்குப் போங்கள். அணைகளுக்கு இன்னும் எளிது: சைப்ரஸ் நீர்வள மேம்பாட்டுத் துறை ஒவ்வோர் அணையிலும் எத்தனை சதவீதம் நீர் இருக்கிறது என்பதை வெளியிடுகிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முதல்நாள் இரவு ஒருமுறை பார்த்தால் போதும்.

பார்த்ததை எப்படிப் பயன்படுத்துவது? உப்பேரிகள் வறண்டிருந்தால் பூநாரைகள் குறைவாக இருக்கும், அல்லது இரண்டில் நீர் மிஞ்சிய ஏரியில் நெருக்கமாக நிற்கும். அப்போது வாத்துகளைத் தேட வேண்டிய இடம் நிரந்தர நீர்: லார்னாகா விமான நிலையத்துக்குத் தெற்கே உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்கள், அக்ரோதிரியில் மரங்கள் சூழ்ந்த பிஷப்ஸ் பூல் என்ற குளம். அணைகளும் தாழ்ந்திருக்கும், அதனால் கரையில் சேற்றுப்பட்டை வெளிப்பட்டு உள்ளான்கள் இறங்கும். ஓரளவு மழை பெய்த ஆண்டில் உப்பேரிகளே போதும். மழை கொட்டித் தீர்த்த ஆண்டில் நிலைமை தலைகீழ்: அணை விளிம்புவரை நிரம்பினால் உள்ளானுக்குக் கால் வைக்க இடமிருக்காது, அங்கே முக்குளிப்பான்களும் நீர்க்காகங்களும்தான். கரைப்பறவைகள் எல்லாம் வெள்ளம் தேங்கிய மேய்ச்சல் நிலங்களுக்கு நகர்ந்திருக்கும்.

இன்னொரு வானிலையையும் கவனியுங்கள். துருக்கியின் அனத்தோலியப் பீடபூமியில் கடும் பனி விழுந்தால், அடுத்த சில நாள்களில் சைப்ரஸ் வயல்களில் வடக்கத்திய ஆட்காட்டிகளும் பூங்குருவிகளும் கூடும். நிக்கோசியாவின் வானிலையை மட்டும் பார்ப்பவருக்கு இது புரியாது. அங்காராவையும் கொன்யாவையும் பாருங்கள்.

இனி எதைத் தேடுவது என்பது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர், வட ஐரோப்பியர்களுக்காக எழுதப்பட்ட பயணக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் பாதி நேரம் வீணாகும். அவர்கள் மண்டியிட்டுப் பார்க்கும் பெரிய மணல் உப்புக்கொத்தி நம் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் வருவது. நெட்டைக்கால் உள்ளான், அரிவாள்மூக்கன், உண்ணிக்கொக்கு, கொண்டலாத்தி எல்லாம் ஊரிலேயே உண்டு. பூநாரையும் கோடியக்கரைக்கு வரும் அதே பெரிய பூநாரை இனம்தான். நம் ஊரில் கிடைக்காதவற்றில் நேரத்தைச் செலவிடுங்கள்: ஃபின்ஷ் வீட்டியர் (கல் மேல் நிற்கும் சிறு பறவை), சைப்ரஸ் கதிர்க்குருவி, ஆர்மீனியக் கடற்காகம், முள்சிறகு ஆட்காட்டி, சைப்ரஸ் ஆந்தை, ட்ரூடோஸ் மலையின் தனித்துவமான கிளையினங்கள். ஐரோப்பிய ராபினைத் தனியாகத் தேட வேண்டாம். குளிர்காலத்தில் புதருக்குப் புதர் ஒன்று நிற்கும்.

ஒரு ஏமாற்றத்தையும் முன்பே சொல்லிவிடுகிறேன். தீவுக்கே உரிய சைப்ரஸ் வீட்டியர் ஜனவரியில் கிடைக்காது. அது குளிர்காலத்தைச் சூடான், எத்தியோப்பியா பக்கம் கழித்துவிட்டு மார்ச்சில்தான் திரும்பும். ஆகவே ஜனவரியில் கல் மேல் நிமிர்ந்து நிற்கும் கறுப்பு வெள்ளை வீட்டியர் கண்ணில் பட்டால் ஃபின்ஷ் ஆகத்தான் இருக்கும். முதுகைப் பார்த்து உறுதி செய்யுங்கள்: ஃபின்ஷ் ஆணுக்கு முகமும் தொண்டையும் கறுப்பு, அந்தக் கறுப்பு அப்படியே சிறகோடு சேரும், ஆனால் உச்சந்தலையிலிருந்து முதுகு வழியாக வால்வரை வெண்மஞ்சள் பட்டை விடாமல் ஓடும். சைப்ரஸ் வீட்டியருக்கு முதுகே கறுப்பு. பெண் ஃபின்ஷ் மங்கிய சாம்பல் பழுப்பு. ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் தனித்தனியே எல்லை பிடித்து இருப்பதால் ஒன்றைப் பார்த்ததும் அருகில் ஜோடியைத் தேட வேண்டாம். பாஃபோஸுக்குக் கிழக்கே அனாரிடா பகுதியின் கற்காடும், நிக்கோசியாவுக்குத் தெற்கே ஆகியோஸ் சோசோமெனோஸ் என்ற கைவிடப்பட்ட கிராமத்தைச் சுற்றிய பாறை மேடுகளும் இதற்குப் பேர்போன இடங்கள். காரை விட்டு இறங்காமல் மெதுவாக ஊர்ந்து, 100 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, கற்களின் உச்சியை பைனாகுலரால் துழாவுங்கள். இறங்கி நடந்தால் பறவை அடுத்த கல்லுக்கு, அதற்கடுத்த கல்லுக்கு என்று உங்களை இழுத்துக்கொண்டே போகும்.

சைப்ரஸ் கதிர்க்குருவி வேறு வகைச் சோதனை. அது ஓரளவுதான் வலசை போகும். ஒரு பகுதி இஸ்ரேல், எகிப்துப் பக்கம் போய்விட, மீதி தீவின் தாழ்ந்த முட்புதர்களில் தங்கிவிடும். அதே புதர்களில் குளிர்காலத்தில் சார்டினியக் கதிர்க்குருவிகள் நிறைய இருக்கும். இரண்டுக்கும் கறுத்த தலை, இரண்டுக்கும் கண்ணைச் சுற்றிச் சிவப்பு. தலையைப் பார்த்துப் பெயர் எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். சைப்ரஸ் ஆணுக்குத் தொண்டையிலிருந்து வயிறுவரை கறுப்பு வெள்ளைச் செதில் கோலம், வாயோரம் வெள்ளை மீசைக்கோடு. சார்டினிய ஆணுக்குத் தொண்டை சுத்த வெள்ளை. பெண்பறவைகளில் வேறுபாடு நுணுக்கமானது. வாலடி இறகுகளில் செதில் போன்ற விளிம்பு தெரிந்தால் சைப்ரஸ் பக்கம் சாயலாம், தெரியாவிட்டால் பெயரில்லாமல் விட்டுவிடுவதே நேர்மை. காற்று பலமாக அடிக்கும் நாளில் இரண்டுமே புதரின் உள்ளே போய்விடும். காலை வெயில் படும் கிழக்குச் சரிவுகளில் 8 மணிக்கு மேல் தேடுங்கள்.

லார்னாகா உப்பேரியில் பலர் செய்யும் தவறு, ஒரே கரையில் நின்று நாளைக் கழிப்பது. ஏரியின் கிழக்கில் நகரமும் சாலையும், மேற்கில் ஹலா சுல்தான் தெக்கே பள்ளிவாசல். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மதியத்துக்கு மேல் தெக்கே பக்கம் போங்கள். அங்கிருந்து வடக்கே பழைய கமாரேஸ் நீர்க்கால்வாய்ப் பாலம் நோக்கிக் கரையோர நடைபாதை ஒன்று போகிறது. மாற்றிச் செய்தால் பூநாரைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். கரையின் உப்புத்தோல் கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும், கீழே குழைசேறு. அருகில் போய்ப் படமெடுக்க ஆசைப்பட்டு முழங்கால்வரை இறங்கியவர்கள் உண்டு. பறவைக்கும் அது கெடுதல்: கூட்டமாக எழும்பிப் பறந்தால் அன்று தின்றதில் ஒரு பங்கை அதிலேயே இழக்கும்.

பூநாரைக் கூட்டத்தை ஸ்கோப்பில் (டிரைபாடில் பொருத்தும் தொலைநோக்கி) வரிசையாகத் துழாவும்போது கால்களைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் பொறித்த பிளாஸ்டிக் வளையம் சிலவற்றின் முழங்காலுக்கு மேல் இருக்கும்; துருக்கி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் குஞ்சாக இருந்தபோது போட்டவை. குறியீட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். வளையத்தின் நிறம், எழுத்தின் நிறம், இடது காலா வலது காலா, தேதி, இடம் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் பதிவு உபயோகப்படும். 60 மடங்கு பெருக்கத்தில் காலை 10 மணிக்கு மேல் கானல் அலை எழுத்தை அழித்துவிடும். வளையம் படிக்க நினைத்தால் விடிந்ததும் போக வேண்டும். சாம்பல் பழுப்பாக நிற்பவை நோயாளிகள் அல்ல, இளம் பறவைகள். சிவப்பு ஏற சில ஆண்டுகள் ஆகும். ஆனால் தலை தொங்கி, கூட்டத்தை விட்டு ஒதுங்கி, நெருங்கினாலும் எழாமல் நிற்கும் பறவையைக் கண்டால் தெரிவியுங்கள். முன்பு ஏரிக்கரையில் இருந்த துப்பாக்கி சுடும் மைதானத்தின் ஈயக் குண்டுகள் இன்னும் சேற்றில் கிடக்கின்றன. பூநாரைகள் அவற்றைச் சிறு கல் என்று நினைத்து விழுங்குகின்றன. 2021 தொடக்கத்தில் ஈய நஞ்சால் பல டஜன் பறவைகள் செத்தன.

லார்னாகாவுக்கு வடகிழக்கே நெடுஞ்சாலையை ஒட்டிய ஓரோக்லினி சதுப்பு சின்னது, ஆனால் முள்சிறகு ஆட்காட்டிக்கு நல்ல இடம். மறைகுடில் இருக்கிறது, சாலை இரைச்சலைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை, கார்க் கதவு சாத்தும் சத்தத்துக்கு மட்டும் எழும்பும். வறட்சியில் இது முதலில் காயும், அதனால் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டே போங்கள். நகரக் கடற்கரையில் கடற்காகங்களுக்கு ஒரு மாலை ஒதுக்கலாம். ஆர்மீனியக் கடற்காகத்தின் அடையாளம்: கட்டையான அலகு, நுனிக்கு முன் கறுப்புப் பட்டை, பெரும்பாலும் கருவிழி, மஞ்சள்கால் கடற்காகத்தைவிட ஒரு சாயல் அடர்ந்த முதுகு. இளம் கடற்காகங்களில் இதெல்லாம் பொருந்தாது. வளர்ந்த பறவைகளை மட்டும் பாருங்கள்.

அக்ரோதிரிதான் தீவின் மிகச் சிறந்த குளிர்கால இடம் என்பது என் கணிப்பு. ஒரு முழு நாள் போதாது, இரண்டு கொடுங்கள். உப்பேரிக்குத் தெற்கே உள்ள அக்ரோதிரி கிராமத்தின் சுற்றுச்சூழல் கல்வி மையத்திலிருந்து வடக்கு நோக்கிப் பார்ப்பதால் நாள் முழுவதும் வெளிச்சம் சாதகம். கிழக்கே லேடிஸ் மைல் கடற்கரைப் பாதையில் காலை நேரம் நல்லது: ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரியும் சேற்றுக் குட்டைகளும், கெண்டிஷ் உப்புக்கொத்திகள், மெல்லலகுக் கடற்காகங்கள். மழைக்குப் பின் இந்த மண்பாதையில் சாதாரண காரை ஓட்டாதீர்கள். புதைந்தால் இழுத்துவிடும் செலவு உங்களுடையது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் காரின் அடிப்பகுதிக்கும் டயருக்கும் காப்பீடு கிடையாது. வடமேற்கில் ஃபஸூரி நாணல்காடும் மாடு மேயும் ஈரப் புல்வெளியும். சேற்றுப் பூனைப்பருந்துகள் நாள் முழுவதும் தாழ்வாகச் சுற்றும், மாலையில் நாணலில் அடைய வரும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன் அங்கே இருங்கள். அதாவது 3.45க்கு, ஜனவரித் தொடக்கத்தில் அஸ்தமனம் 4.45 அளவில். விடிவது 6.50 வாக்கில். ஆக, கையில் இருப்பது பத்து மணி நேர வெளிச்சம்தான், மதிய உணவை நீட்டாதீர்கள்.

அக்ரோதிரித் தீபகற்பம் பிரிட்டனின் ஆளுகையில் உள்ள ராணுவத் தளப் பகுதி. கிராமத்துக்கும் ஏரிக்கும் பொதுச் சாலையில் தடையின்றிப் போகலாம். ஆனால் விமானதளம், வேலி, ஏரியோரம் நிற்கும் உயர்ந்த ஆன்டெனாக்கள் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பக் கூடாது. காவலர் கேட்டால் பறவைப் படங்களைக் காட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும். டிரோனை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து மேற்கே கூரியோன் பக்கத்துக் கடற்பாறைகள் கிரிஃபான் பாறுக் கழுகுகளின் கடைசிப் புகலிடம். நஞ்சு வைத்த இறைச்சியால் இவை கைவிரலில் எண்ணும் அளவுக்குக் குறைந்து, கிரீட்டிலிருந்தும் பின்பு ஸ்பெயினிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவை. காலையில் எழும்பாது, பாறை சூடேறி மேல்காற்று கிளம்ப 10 மணியாகும். பொரி வல்லூறும் அதே முகட்டில் கிடைக்கும். விளிம்பில் மண் உதிரும், கழுகைப் பார்த்தபடி நடக்காதீர்கள்.

பாஃபோஸில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய தொல்லியல் பூங்காவின் கடல்முனை வானம்பாடிகளுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் உகந்தது. வாயில் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. விடியற்காலையை மந்திரியா வயல்களில் கழித்துவிட்டு அப்புறம் வரலாம். அவாகாஸ் மாதிரியான பள்ளத்தாக்குகளில் குளிர்காலத்தில் சுவரேறிக் குருவி வருவதுண்டு, ஆனால் அதிர்ஷ்டம் வேண்டும். மழை பெய்த அன்றும் மறுநாளும் உள்ளே போகாதீர்கள், மேலிருந்து கல் விழும்.

ட்ரூடோஸ் மலைக்கு என்று போவது என்பதை வானிலை முன்னறிவிப்பு பார்த்து கடைசியில் முடிவு செய்யுங்கள். ஒலிம்பஸ் சிகரம் 1,952 மீட்டர்; ஜனவரியில் பனி விழும், விழுந்தால் டயருக்குச் சங்கிலி இல்லாத காரை போலீஸ் திருப்பி அனுப்பும். கடலோர நகரான லிமசோலில் 16 டிகிரி இருக்கும்போது மேலே உறைநிலை. தேடுவது நான்கு: கரிப்பட்டாணிக் குருவி, குட்டைவிரல் மரமேறி, ஜே காக்கை, குறுக்கலகுச் சில்லை. நான்கும் சைப்ரஸ் மலைக்கே உரிய கிளையினங்கள். காடு முழுக்க அலைய வேண்டாம். சாலையோரப் பிக்னிக் இடங்களில் குழாயடியில் தேங்கும் நீருக்குக் குறுக்கலகு இறங்கும். பைன் விதை தின்னும் பறவைக்குத் தாகம் அதிகம். குழாய்க்கு 15 மீட்டர் தள்ளிக் காருக்குள் அரை மணி நேரம் அசையாமல் இருந்தால், நடந்து தேடும் இரண்டு மணி நேரத்தைவிடப் பலன் கூடும். இறங்கும் வழியில் அடிவாரக் கிராமம் ஒன்றில் இருட்டியதும் நின்று கேளுங்கள். காற்றில்லாத, குளிர் குறைந்த இரவாக இருந்தால் சைப்ரஸ் ஆந்தை கூப்பிடும். போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். அந்தத் தீவில் இரவில் பறவைக் குரல் ஒலிபரப்புவது கள்ள வேட்டைக்காரர் வேலை. உங்களையும் அப்படித்தான் நினைப்பார்கள்.

வேட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். சட்டப்படியான வேட்டைப் பருவத்தில் புதனும் ஞாயிறும் முக்கிய நாள்கள்; நவம்பர், டிசம்பரில் உச்சம், ஜனவரியிலும் குறிப்பிட்ட பகுதிகளில் பூங்குருவிக்கும் காட்டு உள்ளானுக்கும் தொடரும். அந்த நாள்களில் புதர்க்காட்டில் பழுப்பு, பச்சை உடுத்தி நடக்க வேண்டாம். பளிச்சென்ற மேல்சட்டை போடுங்கள், அல்லது வேட்டைத் தடையுள்ள உப்பேரிக்குப் போய்விடுங்கள். கள்ளத்தனமான கண்ணிகள் வேறு. பிசின் தடவிய குச்சிகளும் மெல்லிய வலைகளும், முக்கியமாகத் தீவின் தென்கிழக்கில். 1974 முதல் சட்டவிரோதம். கண்டால் தொடாதீர்கள், சிக்கிய பறவையை விடுவிக்க முயலாதீர்கள், ஆளிடம் வாக்குவாதம் வேண்டாம். போன் வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, வனவிலங்குத் துறைக்கோ பேர்ட்லைஃப் சைப்ரஸ் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்புக்கோ, தளப் பகுதி என்றால் அங்குள்ள போலீஸுக்கோ சொல்லுங்கள்.

கருவிகளில் 8x42 பைனாகுலரும் 20-60 ஸ்கோப்பும் போதும். டிரைபாட் கனமாக இருக்கட்டும், உப்பேரியில் மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும். தினமும் இரவில் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு பிடித்து மூன்றாம் நாள் பூட்டுகள் இறுகும். சாலை இடப்பக்கம், நம் ஊர் மாதிரியே. தெற்கில் எடுத்த வாடகைக் காரின் காப்பீடு, தீவை வடக்கு தெற்காகப் பிரிக்கும் பசுமைக்கோட்டுக்கு வடக்கே செல்லாது. போவதானால் எல்லைச் சாவடியில் தனிக் காப்பீடு வாங்க வேண்டும், வாடகை நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். ஒரு வாரத்துக்கு அது தேவையில்லை என்பேன்.

தங்குமிடம் லார்னாகாவில் இரண்டு இரவு, லிமசோலில் மூன்று, பாஃபோஸில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே 70 கி.மீ. அளவுதான், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ட்ரூடோஸுக்கு லிமசோலிலிருந்து போங்கள். மூன்றில் எந்த நாள் வானம் தெளிகிறதோ அன்று. கடைசி நாள் பாஃபோஸிலிருந்து லார்னாகா விமான நிலையத்துக்கு வருபவர் மூன்று மணி நேரம் முன்கூட்டியே கிளம்பினால், காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் விமான நிலையத்துக்குத் தெற்கே கழிவுநீர்க் குளத்து மறைகுடிலில் வாத்துகளை ஒருமுறை எண்ணிவிடலாம். தட்டைவாயன், கிளுவை, ஊசிவால் வாத்து மூன்றும் அங்கே அநேகமாக இருக்கும்.